குணச்சொல்லும் அதன் கூட்டாளியும்: வியாபாரச் சகோதரர்களுக்கு ஓர் ஆங்கிலப் பாடம்

 

கேமரன் மலையில் கடை வைத்திருக்கும் நமக்கு மூன்று பாஷைகள் இல்லாமல் ஒரு நாளும் கழியாது. தோட்டத்து ஜனங்களோடு பேசத் தமிழ் இருக்கிறது. சர்க்கார் காரியங்களுக்கும் பசார் காரியங்களுக்கும் மலாய் இருக்கிறது. ஆனால் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் மலையேறி, தேயிலைத் தோட்டம் பார்க்கவும் குளிர் காற்று வாங்கவும் வருகிறார்களே, அவர்களில் பலர் நம் கடை வாசலில் நின்று கேட்பது ஆங்கிலத்தில்தான். சிங்கப்பூராரும் கேட்கிறார், வெள்ளைக்காரரும் கேட்கிறார், அரபு நாட்டாரும் நம்மிடம் ஆங்கிலமே பேசுகிறார்.

நமக்கோ மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பில்லை. ஆங்கிலம் கல்லாவடியில் நின்றே கற்றது. நம் சகோதரர்களில் பலரும் அப்படித்தான். ‘குட்’ என்றால் நல்லது, ‘ஆங்ரி’ என்றால் கோபம், ‘ஸாரி’ என்றால் வருத்தம் என்று குணச்சொற்கள் நமக்கு ஏராளமாகத் தெரியும். தடுமாறுவது அந்தக் குணச்சொல்லுக்கு அடுத்தபடி வருகிற சின்னஞ்சிறு சொல்லில்தான். ‘ஆஃப்’ போடுவதா, ‘ஃபார்’ போடுவதா, ‘வித்’ போடுவதா? அதற்குப் பின் ‘ஹி’ என்பதா, ‘ஹிம்’ என்பதா? இந்தச் சிறு சொல் தவறினால் என்ன பெரிய நஷ்டம் என்று நாமும் நெடுநாள் அலட்சியமாக இருந்தோம். ஒரு நாள் நஷ்டம் வந்தது. வந்த நஷ்டம் காசில் அல்ல.

நடந்தது இது

பள்ளிக்கூட விடுமுறைக் காலம். கடையில் கூட்டம். வயதான அம்மையார் ஒருவர் காலையில் வாங்கிப்போன தேயிலைப் பொட்டலத்தை மாலையில் திரும்பக் கொண்டு வந்தார். உள்ளே உறை கிழிந்து தூள் கொட்டியிருந்தது. நம் கடையில் வேலை பார்க்கும் தம்பி மிகவும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, “ஐ ஆம் ஸாரி ஃபார் யூ, மேடம்” என்றான். அம்மையாரின் முகம் மாறிவிட்டது. பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டு, வேறு சரக்கும் வாங்காமல், காசையும் திரும்பக் கேட்காமல் போய்விட்டார்.

நமக்குக் கோபம் வந்தது. “வாடிக்கைக்காரரிடம் என்னடா துடுக்காகச் சொன்னாய்?” என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டோம். “மன்னிப்புத்தான் கேட்டேன், மொதலாளி” என்றான். நாம் நம்பவில்லை. அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் முதல் முன்மேசைக்கு வருவதை விட்டுவிட்டுப் பின்கட்டில் மூட்டை அடுக்கப் போய்விட்டான். ஆங்கிலத்தில் யார் கேட்டாலும் வாய் திறப்பதில்லை.

சில நாள் கழித்து, நம்மிடம் வாடிக்கையாகச் சாமான் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “‘ஐ ஆம் ஸாரி அபௌட் திஸ்’ என்றால் ‘இது நடந்ததற்கு வருந்துகிறேன்’ என்று பொருள். ‘ஐ ஆம் ஸாரி ஃபார் யூ’ என்றால் ‘உன்னைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது’ என்று பொருள். பையன் மன்னிப்பைத்தான் மனதில் வைத்தான், அம்மையார் காதில் விழுந்ததோ ஏளனம்” என்றார்.

அப்போதுதான் நமக்குச் சுருக்கென்றது. பையன் மேல் குற்றமில்லை. அம்மையார் மேலும் குற்றமில்லை. ‘அபௌட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ இருந்தது, அவ்வளவுதான். அறியாத பையனைக் கடிந்துகொண்ட குற்றம் மட்டும் நம்முடையது. அன்று முதல் அந்த ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டுக் குறித்து வைத்ததைத்தான் இங்கே பாடமாகத் தருகிறோம்.

மூன்று பெயர்கள்

பாடத்துக்கு வேண்டிய பெயர்கள் மூன்றுதான். குணத்தைச் சொல்லும் சொல் குணச்சொல். மதரஸாவில் இதை ‘சிஃபத்’ என்றோம். அதன் பின்னால், ஆனால் ஒரு பெயருக்கு முன்னால், வந்து நிற்கும் ‘ஆஃப், ஃபார், வித், அட், டு, அபௌட், ஃப்ரம், இன்’ முதலியவை முன்னிடைச்சொல். அரபியில் ‘ஹர்ஃபு ஜர்ரு’ என்று ஓதியது இந்த இனம்தான். பெயருக்குப் பதிலாக வரும் ‘நான், நீ, அவன், அது’ முதலியவை பிரதிப்பெயர், அரபியில் ‘ளமீர்’.

குணச்சொல் முதலாளி என்றால் முன்னிடைச்சொல் அவனுடைய கூட்டாளி. இன்ன முதலாளிக்கு இன்ன கூட்டாளி என்பது ஊரறிந்த ஏற்பாடு. நாமாகக் கூட்டாளியை மாற்றி வைத்தால் வியாபாரமே வேறாகிவிடும்.

நமக்குத் தெரிந்த பாஷைகளில் பார்ப்போம்

தமிழில் “அவன் மேல் கோபம்” என்கிறோம், “அவனோடு கோபம்” என்றும் சொல்வதுண்டு. “இருட்டுக்குப் பயம்”, “கணக்கில் கெட்டிக்காரன்” என்கிறோம். மேல், ஓடு, கு, இல் என்று தமிழும் கூட்டாளிகளை வைத்திருக்கிறது. ஆனால் அவை சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலத்தில் அவை முன்னால் தனியாக நிற்கின்றன.

அரபியில் இது இன்னும் தெளிவு. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்பதில் ‘அலா’ என்றால் ‘மீது’, ‘கும்’ என்றால் ‘உங்கள்’. சலாம் உங்கள் மீது என்கிறோம். அதையே தமிழில் சொன்னால் “உங்களுக்குச் சாந்தி உண்டாகட்டும்” என்போம். அரபியில் ‘மீது’, தமிழில் ‘கு’. அப்படியே சஹாபாக்களின் பெயரைக் கேட்டதும் ‘ரலியல்லாஹு அன்ஹு’ என்கிறோம். அங்கே ‘அன்’ என்பதற்கு உஸ்தாதுமார் ‘தொட்டு’ என்று பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். அவரைத் தொட்டு அல்லாஹ் பொருந்திக்கொண்டான் என்பது சொல்லுக்குச் சொல் பொருள். தமிழ் வழக்கிலோ “அவரைப் பொருந்திக்கொண்டான்” என்றாலே போதும். ஆங்கிலத்தில் இந்தக் கருத்துக்குரிய குணச்சொல் ‘ப்ளீஸ்ட்’. அதன் கூட்டாளி ‘வித்’. ‘ப்ளீஸ்ட் வித் ஹிம்’ என்பார்கள். கருத்து ஒன்று, அரபியில் ‘தொட்டு’, தமிழில் ‘ஐ’, ஆங்கிலத்தில் ‘உடன்’. ஒரு பாஷையின் கூட்டாளியை மற்றொரு பாஷைக்குக் கடத்த முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம்மைக் கெடுப்பது பசார் மலாய். அங்கே ‘சாமா’ என்ற ஒரே சொல் எல்லா வேலையும் பார்க்கும். அவனுக்குக் கொடு என்பதற்கும் ‘சாமா’. அவனோடு போ என்பதற்கும் ‘சாமா’. அவன் மேல் கோபம் என்பதற்கும் ‘சாமா’. இந்தச் சௌகரியத்தில் பழகிய நாக்கு ஆங்கிலத்திலும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. நம்மவரில் சிலர் எல்லாவற்றுக்கும் ‘டு’ போடுகிறார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் ‘ஃபார்’ போடுகிறார்கள். நம் தம்பிக்கு நேர்ந்ததும் அதுதான்.

பிரதிப்பெயர் உருமாறும்

முன்னிடைச்சொல்லுக்குப் பின் வரும் பிரதிப்பெயர் உருமாற வேண்டும். ‘ஐ’ என்பது ‘மீ’ ஆகும். ‘ஹி’ என்பது ‘ஹிம்’ ஆகும். ‘ஷி’ என்பது ‘ஹெர்’ ஆகும். ‘வீ’ என்பது ‘அஸ்’ ஆகும். ‘தே’ என்பது ‘தெம்’ ஆகும். ‘யூ’வும் ‘இட்’டும் மட்டும் மாறாது.

இது ஒன்றும் புதுமை அல்ல. தமிழில் ‘நானுக்கு’ என்கிறோமா? ‘நான்’ என்பது ‘என்’ ஆகி ‘எனக்கு’ என்று வருகிறது. அரபியில் ‘அன்தும்’ என்பது ‘கும்’ ஆகி ‘அலைக்கும்’ என்று வருகிறது. ஆகவே ‘குட் ஃபார் ஐ’ என்பது ‘நானுக்கு நல்லது’ என்பதைப் போன்ற பிழை. ‘குட் ஃபார் மீ’ என்பதே சரி. மலாயில் ‘சாயா’ எங்கே வந்தாலும் ‘சாயா’வே, அந்தப் பழக்கத்தால்தான் இந்தத் தவறு நமக்கு வருகிறது.

ஆங்கிலத்தில் ஏன் பிரதிப்பெயர் மட்டும் மாறுகிறது, மற்றப் பெயர்கள் மாறவில்லை என்று கேட்கலாம். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் எல்லாப் பெயர்களுக்கும் தமிழைப் போலவே கடைசியில் வேற்றுமை உருபுகள் உண்டு. 1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருந்த அந்த உருபுகள் அதன் பின் வந்த நூற்றாண்டுகளில் பெரும்பாலும் உதிர்ந்துபோயின. உருபு செய்த வேலையை முன்னிடைச்சொல் ஏற்றுக்கொண்டது. பழைய வேற்றுமையின் மிச்சம் பெரும்பாலும் பிரதிப்பெயரில் தங்கிவிட்டது. ‘யூ’வுக்கும் முன்காலத்தில் இரண்டு உருவம் உண்டு, எழுவாயாக வந்தால் ‘யீ’, மற்ற இடத்தில் ‘யூ’. நாளடைவில் ‘யீ’ வழக்கொழிந்து ‘யூ’வே இரண்டு இடத்துக்கும் வந்துவிட்டது.

இரண்டு பேர் சேர்ந்து வரும்போது நன்றாக ஆங்கிலம் அறிந்தவரும் தவறுவதுண்டு. ‘தி ப்ரைஸ் இஸ் ஃபேர் டு ஹிம் அண்ட் மீ’ என்பது சரி. ‘ஹிம் அண்ட் ஐ’ என்பது பிழை. சந்தேகம் வந்தால் முதல் ஆளை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘ஃபேர் டு ஐ’ என்று யாரும் சொல்லமாட்டார், ஆகவே ‘மீ’தான்.

ஒரு குணச்சொல், பல கூட்டாளிகள்

இனிப் பாடத்தின் முக்கியமான பகுதி. ஒரே குணச்சொல் கூட்டாளி மாறும்போது பொருள் மாறுவதைக் கவனியுங்கள்.

1. ஸாரி. ‘ஸாரி அபௌட் இட்’ என்றால் நடந்ததற்கு வருத்தம். ‘ஸாரி ஃபார் தி டிலே’ என்றால் தாமதத்துக்கு மன்னிப்பு. இங்கே ‘ஃபார்’ வரலாம், ஏனெனில் பின்னால் வருவது நம்முடைய குறை. ‘ஸாரி ஃபார் யூ, ஸாரி ஃபார் ஹிம்’ என்று பின்னால் ஆள் வந்தால் பரிதாபம். குறைக்கு ‘ஃபார்’ போட்டால் மன்னிப்பு, ஆளுக்கு ‘ஃபார்’ போட்டால் இரக்கம் என்று நினைவில் வையுங்கள்.

2. குட். ‘குட் அட்’ என்றால் ஒரு வேலையில் கெட்டிக்காரன்: ‘ஹி இஸ் குட் அட் அக்கௌண்ட்ஸ்’. ‘குட் ஃபார்’ என்றால் நன்மை தருவது: ‘வாக்கிங் இஸ் குட் ஃபார் யூ’. ‘குட் டு’ என்றால் அன்பாக நடப்பவர்: ‘ஹி இஸ் குட் டு மீ’. ‘குட் வித்’ என்றால் பழகத் தெரிந்தவன்: ‘ஹி இஸ் குட் வித் கஸ்டமர்ஸ்’. ஒரு வாடிக்கைக்காரர் மலிவான தூளைக் கையில் எடுத்தபோது, அவருடைய தரத்துக்கு அது போதாது என்று சொல்ல நினைத்து, நாம் ஒரு முறை “திஸ் டீ இஸ் நாட் குட் ஃபார் யூ” என்றோம். அவர் பயந்து கீழே வைத்துவிட்டார். உடம்புக்குக் கெடுதி என்று சொன்னதாக எண்ணிவிட்டார். ‘திஸ் மே நாட் ஸூட் யூ’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

3. டயர்ட். நடந்து களைத்தவர் ‘டயர்ட் ஃப்ரம் வாக்கிங்’. ‘டயர்ட் ஆஃப்’ என்றாலோ சலிப்பு. கடை சாத்தும் நேரத்தில் ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் யூ’ என்றால் “உன்னைக் கண்டாலே சலிப்பாக இருக்கிறது” என்று பொருள். இது நாக்குத் தவறியும் வாடிக்கைக்காரரிடம் வரக்கூடாது.

4. ஷார்ட். ‘வீ ஆர் ஷார்ட் ஆஃப் சேஞ்ச்’ என்றால் சில்லறை குறைவாக இருக்கிறது. ‘ஷார்ட் வித்’ என்றால் கடுகடுப்பாகப் பேசுவது. ‘ஹி வாஸ் ஷார்ட் வித் மீ’ என்று வாடிக்கைக்காரர் சொன்னால், சிப்பந்தி சள்ளென்று விழுந்தான் என்று புகார் செய்கிறார் என்று அறியுங்கள். பையனின் உயரத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

5. ஆங்ரி. ஆள் மேல் கோபம் ‘ஆங்ரி வித் ஹிம்’. காரியத்தைப் பற்றிய கோபம் ‘ஆங்ரி அபௌட் தி பில்’. தமிழில் ‘மேல்’ என்பதால் ‘ஆங்ரி ஆன் ஹிம்’ என்று நம்மவர் சொல்வதுண்டு, அது பிழை.

6. நோன். ‘கேமரன் ஹைலண்ட்ஸ் இஸ் நோன் ஃபார் இட்ஸ் டீ’. எதனால் புகழ் என்பதற்கு ‘ஃபார்’. யாருக்குத் தெரியும் என்பதற்கு ‘டு’: ‘ஹி இஸ் நோன் டு அஸ்’, அவர் நமக்குத் தெரிந்தவர்.

7. ஃபெமிலியர். ஊர் நமக்குப் பழக்கமானால் ‘தி ப்ளேஸ் இஸ் ஃபெமிலியர் டு அஸ்’. நாம் ஊரை அறிந்திருந்தால் ‘வீ ஆர் ஃபெமிலியர் வித் தி ப்ளேஸ்’. ‘டூ ஃபெமிலியர் வித் ஹெர்’ என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் அளவு மீறிய நெருக்கம் என்று பொருள்பட்டுவிடும். எச்சரிக்கை.

பேரேட்டில் வரும் கூட்டாளிகள்

கணக்குக் காகிதத்தில் இந்தச் சிறு சொல் பணத்தையே திசை திருப்பிவிடும்.

‘ட்யூ’ என்ற குணச்சொல்லைப் பாருங்கள். நம் ஐந்தொகையில் ‘ட்யூ டு’ என்று எழுதி ஒருவர் பெயர் வந்தால், அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது. ‘ட்யூ ஃப்ரம்’ என்று எழுதி அவர் பெயர் வந்தால், அவரிடமிருந்து நமக்கு வர வேண்டியது. ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃப்ரம்’ எழுதிவிட்டால் 500 வெள்ளிக் கடன் 500 வெள்ளி வரவாகிவிடும். ‘ட்யூ ஆன்’ என்று வந்து பின்னால் தேதி இருந்தால், அந்தத் தேதியில் கட்ட வேண்டும்.

‘ரெஸ்பான்ஸிபிள்’ என்பதற்கும் இரண்டு கூட்டாளிகள். எதற்குப் பொறுப்பு என்றால் ‘ஃபார்’. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் ‘டு’. ‘ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள் ஃபார் தி ஸ்டாக்’ என்றால் சரக்குக்கு நான் பொறுப்பு. ‘ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள் டு ஹிம்’ என்றால் அவருக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். ‘ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள் ஃபார் ஹிம்’ என்றாலோ அவனுடைய நல்லது கெட்டதுக்கெல்லாம் நானே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டதாகும்.

‘லயபிள்’ என்ற சொல்லும் அப்படியே. ‘லயபிள் ஃபார் தி டெட்’ என்றால் அந்தக் கடனுக்குச் சட்டப்படி நாம் உத்தரவாதம். தெரிந்தவர், ஊர்க்காரர் என்று முகதாட்சிணியத்துக்காகக் கையெழுத்துப் போடும் முன், அந்தக் காகிதத்தில் ‘ஃபார்’ என்பதற்குப் பின் யார் பெயர், எந்தத் தொகை இருக்கிறது என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். கடன் என்பது லேசான காரியமல்ல என்று நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

‘ஃப்ரீ ஆஃப் சார்ஜ்’ என்றால் இலவசம். வாசலில் எழுதி வைக்குமுன் இதையும் அறிந்துகொள்ளுங்கள்.

மாறாத ஜோடிகள்

கீழ்க்கண்டவற்றை அப்படியே மனப்பாடம் செய்வது உத்தமம்.

ஆஃப் கூட்டம்: அஃப்ரெய்ட் ஆஃப் (பயம்), ப்ரௌட் ஆஃப் (பெருமை), ஃபாண்ட் ஆஃப் (பிரியம்), ஷூர் ஆஃப் (நிச்சயம்), ஃபுல் ஆஃப் (நிறைந்தது).

டு கூட்டம்: பொலைட் டு (மரியாதை), ஸிமிலர் டு (ஒத்தது), ஈக்வல் டு (சமம்), மேரீட் டு (மணமானவர்), ஸுபீரியர் டு (மேலானது). மணத்துக்குத் தமிழில் ‘ஓடு’ வருவதால் ‘மேரீட் வித்’ என்று சொல்லத் தோன்றும். ‘மேரீட் டு’ என்பதே முறை. ‘ஸுபீரியர்’ என்பதற்குப் பின் ‘தேன்’ வராது. அது லத்தீனிலிருந்து வந்த சொல். ‘டு’ மட்டுமே ஏற்கும்.

இன் கூட்டம்: இன்ட்ரெஸ்டட் இன் (அக்கறை). ‘ஆர் யூ இன்ட்ரெஸ்டட் இன் திஸ்?’ என்று கேட்கலாம். ‘ஆர் யூ இன்ட்ரெஸ்டிங்?’ என்று கேட்டால் “நீர் சுவாரஸ்யமான ஆளா?” என்று கேட்டதாகிவிடும்.

ஃப்ரம் கூட்டம்: டிஃபரன்ட் ஃப்ரம் (வேறானது). இங்கிலாந்துக்காரர் சிலர் ‘டிஃபரன்ட் டு’ என்றும், அமெரிக்கர் ‘டிஃபரன்ட் தேன்’ என்றும் பேசுவதுண்டு. நாம் ‘ஃப்ரம்’ என்றால் எங்கும் செல்லும்.

இந்த முன்னிடைச்சொற்களுக்குப் பின் ஒரு வினை வந்தால் அது ‘இங்’ என்று முடிய வேண்டும். ‘டயர்ட் ஆஃப் வெயிட்டிங்’, ‘குட் அட் பேக்கிங்’ என்பன போல.

குணச்சொல் பின்னால் நிற்கும் இடம்

சாதாரணமாகக் குணச்சொல் முன்னால் நிற்கும்: ‘ஹாட் டீ’. ஆனால் ‘ஸம்திங், எனிதிங், நத்திங்’ என்ற பிரதிப்பெயர்கள் வந்தால் குணச்சொல் பின்னால் போய்விடும். ‘டூ யூ வாண்ட் ஸம்திங் ஹாட்?’ என்று கேட்க வேண்டும். ‘ஹாட் ஸம்திங்’ என்பது பிழை. ‘எனிதிங் சீப்பர்?’ என்று வாடிக்கைக்காரர் கேட்டால், இதைவிட மலிவாக ஏதாவது உண்டா என்கிறார். இந்த மலையின் குளிரில் ‘ஸம்திங் ஹாட்’ என்று கேட்டுக் கொடுத்தாலே பாதி வியாபாரம் முடிந்த மாதிரி.

‘ஆஃப் யூ’வும் ‘ஃபார் யூ’வும்

கடைசியாக, நாம் மிகவும் விரும்பும் பாடம். ஒருவர் ஒரு நன்மை செய்தால் ‘இட் இஸ் கைண்ட் ஆஃப் யூ’ என்கிறோம். மழையில் நனைந்துகொண்டு வந்து கடனைத் திருப்பிக் கொடுத்தவரிடம் ‘இட் இஸ் குட் ஆஃப் யூ டு கம்’ என்கிறோம். ஆனால் ‘இட் இஸ் ஈஸி ஃபார் யூ’, ‘திஸ் பேக் இஸ் டூ ஹெவி ஃபார் ஹெர்’ என்று வேறு இடங்களில் ‘ஃபார்’ வருகிறது. எப்படிப் பிரிப்பது?

குணச்சொல் அந்த ஆளின் குணத்தையே சொன்னால் ‘ஆஃப்’. அன்பு, முட்டாள்தனம், தவறு, தாராளம் எல்லாம் ஆளிடமிருந்து பிறப்பவை. குணச்சொல் காரியத்தின் எளிமை, கஷ்டம், பாரம், பயன் இவற்றைச் சொன்னால் ‘ஃபார்’. அவை காரியத்தில் இருப்பவை. ஆளின் மேல் வந்து விழுபவை. மூட்டை கனமாக இருப்பது அந்த அம்மாளின் குணமல்லவே! ஆகவே அங்கே ‘ஃபார்’.

கற்கும் வழி

வெறும் குணச்சொல்லை மட்டும் தனியாகக் கற்காதீர்கள். ‘அஃப்ரெய்ட்’ என்று எழுதி வைத்தால் பாதிச் சொல்லே எழுதியதாகும். ‘அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம்’ என்று குணச்சொல், கூட்டாளி, பிரதிப்பெயர் மூன்றையும் ஒரு மூச்சில் சொல்லிப் பழகுங்கள். பழைய பேரேடு ஒன்றை எடுத்து, இடது பக்கம் ஆங்கில ஜோடியும் வலது பக்கம் தமிழ்ப் பொருளும் எழுதுங்கள். இஷா தொழுது கடை சாத்திய பின் நாளுக்கு இரண்டு ஜோடி போதும். மாதத்துக்கு 60 ஜோடிகள் கைவசமாகும். கடைப் பிள்ளைகளையும் உடன் உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கைக்காரர் பேசும்போது அந்தச் சிறு சொல்லைக் காது கொடுத்துக் கேளுங்கள். சரியான ஆசான் அவர்களே.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. வீ ஆர் ஷார்ட் ---- சேஞ்ச்.
2. ஷி இஸ் ஆங்ரி ---- ஹிம்.
3. ஐ ஆம் ஸாரி ---- தி மிஸ்டேக்.
4. திஸ் டீ இஸ் டிஃபரன்ட் ---- தட்.
5. ஹி இஸ் குட் ---- அக்கௌண்ட்ஸ்.
6. ஐ ஆம் ரெஸ்பான்ஸிபிள் ---- தி கீஸ்.
7. இட் இஸ் நைஸ் ---- யூ டு ஹெல்ப் அஸ்.
8. தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி ---- ஹெர்.
9. பீ பொலைட் ---- தெம்.
10. தி பேஸ்கட் இஸ் ஃபுல் ---- ஸ்ட்ராபெரீஸ்.

விடைகள்: 1. ஆஃப். 2. வித். 3. அபௌட் அல்லது ஃபார். 4. ஃப்ரம். 5. அட். 6. ஃபார். 7. ஆஃப். 8. ஃபார். 9. டு. 10. ஆஃப்.

பத்தில் எட்டுக்கு மேல் சரியாக வந்தவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். குறைந்தவர்கள் மனம் தளர வேண்டாம்; நாம் முதலில் எழுதிப் பார்த்தபோது நமக்கு வந்தது நான்குதான்.

தம்பியின் விஷயம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். ஆசிரியர் விளக்கிய அன்றே கடை சாத்திய பின் அவனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டதால் எல்லோர் முன்னிலையிலுமே மன்னிப்புக் கேட்டோம். “இருக்கட்டும் மொதலாளி” என்று தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் நாம் பேரேட்டை எடுத்து அவனை அருகே உட்கார வைத்தோம். முதல் பக்கத்தில் அவனே எழுதினான்: ‘ஸாரி அபௌட் இட்’. அதற்குக் கீழே நாம் எழுதினோம்: ‘இட் வாஸ் ராங் ஆஃப் மீ’. தவறு நம்மிடமிருந்து பிறந்ததல்லவா? ஆகவே அங்கே ‘ஆஃப்’தான். இப்போது முன்மேசையில் நிற்பவன் அவன்தான். வரும் வெளியூராரில் முக்கால்வாசிப் பேரிடம் பேசுவதும் அவன்தான்.

சகோதரர்களே! கடையில் பிள்ளைகளை வைத்து வேலை வாங்குகிற நாம், அவர்கள் சொல்லில் பிழை கண்டால் மனதில் பிழை இருப்பதாக உடனே தீர்ப்புச் சொல்லாதிருப்போமாக. தெரியாததைச் சொல்லிக் கொடுப்பதும் முதலாளியின் கடமைதான். பேரேட்டை எப்போதும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்; உங்கள் கடையில் நேர்ந்த ஜோடிகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வல்ல நாயன் நம் நாவையும் நம் தராசையும் நேராக வைத்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.